ஊர்வனவற்றின் மூளையில் ஒலி செல்லும் பாதையைக் கால்சியம் பிணைப்புப் புரதங்களைக் கொண்டு ஆராய்வது ஏன்?

பார்வால்புமின், கால்பின்டின், கால்ரெட்டினின் ஆகிய மூன்றும் நரம்புச் செல்லுக்குள் நுழையும் கால்சியம் அயனிகளைப் பற்றிக்கொள்பவை. நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளை எழுப்பவல்ல கேட்டல் பாதைச் செல்களில் கால்சியத்தின் வரத்தும் அதிகம், அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய தேவையும் அதிகம். இப்புரதங்கள் அங்கே செறிந்திருப்பதற்கு இதுவே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

ஆனால் ஊர்வனவற்றில் இவற்றைத் தேடுவதற்கு வேறொரு நோக்கமும் உண்டு. பாலூட்டிகளின் நடுமூளையிலும், புலன் செய்திகளைப் பெருமூளைக்கு அனுப்பும் தலாமஸிலும் உள்ள கேட்டல் மையங்களில், அதிர்வெண் வரிசை குலையாமல் ஒலியைக் கடத்தும் நடுப்பகுதியில் பார்வால்புமினும், அதைச் சூழ்ந்த பகுதிகளில் கால்பின்டினும் கால்ரெட்டினினும் மேலோங்கி இருக்கின்றன. ஆறடுக்குப் பெருமூளைப் புறணியே இல்லாத ஆமைக்கும் இத்தகைய பிரிவினை உண்டா என்பதுதான் கேள்வி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஐரோப்பியக் குளத்து ஆமையிலும் மத்திய ஆசியத் தரை ஆமையிலும், நடுமூளையின் கேட்டல் மையமான டோரஸ் செமிசர்குலாரிஸையும், அதிலிருந்து ஒலிச் செய்தியைப் பெறும் தலாமஸின் நியூக்ளியஸ் ரீயூனியன்ஸையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் ஆராய்ந்தார்கள்.

குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிர்பொருள் கொண்டு நிறமேற்றிய மூளைச் சீவலைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது பழுப்புத் திட்டு ஒன்று தெளிவாகத் தெரியும். அதை வைத்தே அவ்விடத்துச் செல்களில் அந்தப் புரதம் இருப்பதாக முடிவு கட்டிவிடத் தோன்றும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால், சில இடங்களில் செல்லுடல்கள் வெளிறியிருக்க, அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய நரம்பிழை முனைகள் மட்டும் அடர்ந்து நிறமேறியிருக்கக் காணலாம். அப்படியானால் அந்தப் புரதம் அவ்விடத்துச் செல்களுடையதன்று, வேறிடத்திலிருந்து வந்து சேரும் இழைகளுடையது. ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டைத்தான் நான் முதலில் தேடுவேன்.

புரதம் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு ஆமையின் கேட்டல் மையமும் பாலூட்டியின் கேட்டல் மையமும் பொது மூதாதையிடமிருந்து வந்தவை என்று சொல்லிவிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து. செவிப்பறையுள்ள காது பாலூட்டிகளின் வழியிலும் ஊர்வனவற்றின் வழியிலும் தனித்தனியே தோன்றியது. ஆகவே, ஒரே வகையான வேலைப்பளு ஒரே புரதத்தை இருவேறு வழிகளில் வரவழைத்திருக்கக்கூடும். கூகை ஆந்தையில், ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வேறுபாட்டைக் கணிக்கும் நியூக்ளியஸ் லாமினாரிஸ் செல்களில் கால்ரெட்டினின் மிகுந்திருக்கிறது. பாலூட்டிகளில் அதே வேலையைச் செய்யும் மையமோ தனியே உருவானதாகவே கருதப்படுகிறது. எனவே, ரீயூனியன்ஸில் தடமறி சாயத்தைச் செலுத்தி, அது பின்னோக்கிச் சென்று டோரஸில் எந்தச் செல்களை நிரப்புகிறது, அதே செல்களில் எந்தப் புரதம் இருக்கிறது என்று இரண்டையும் ஒரே சீவலில் சேர்த்துக் காட்டும் ஆய்வுகளையே நான் கூடுதலாக நம்புகிறேன்.