ஷெயார்பொயின்ட்டில ஃபோம் போட்டு மாரடிக்கிற ஆக்களுக்கு: கேள்வி பதில்

கிளிநொச்சியில ஒரு கொம்பனியில கன வருசமா ஷெயார்பொயின்ட் (ஒஃபிஸ் ஃபைலையும் விபரத்தையும் ஒண்டா வச்சுப் பாவிக்கிற மைக்ரோசொஃப்ட் தளம்) பாக்கிறன். லீவு ஃபோம், டீசல் ஃபோம், ஸ்டோர்ஸ்ல சாமான் எடுக்கிற ஃபோம் எல்லாம் என்ர தலையிலதான். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தால ஆக்கள் வட்ஸப்பில ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கினம், அதால ஒண்டா எழுதிவிடுறன்.

மாங்குளத்தில இருந்து ஒரு தம்பி: அண்ணை, லிஸ்ட் (விபரம் வரிவரியாச் சேருற அட்டவணை) ஃபோமை பவர் ஆப்ஸில (ஃபோமை வடிவமைக்கிற செயலி) மாத்தி சேவ் பண்ணீட்டன், ஆனா ஒஃபிஸில எல்லாருக்கும் பழசுதான் தெரியுது.

சேவ் பண்ணினா நீர் எடிட் பண்ணுற இடத்தில மட்டும்தான் நிக்கும் தம்பி. அதுக்குப் பிறகு "பப்ளிஷ் டு ஷெயார்பொயின்ட்" எண்டதையும் அமத்தோணும், அப்பதான் மற்றாக்களுக்குப் போகும். அமத்தியும் பழசு வந்தா பிரவுசரை ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்லும். பிழையா மாத்திப் போட்டீர் எண்டா பயப்பிடாதையும், பழைய வேர்ஷனை ரெஸ்டோர் பண்ணி திரும்ப பப்ளிஷ் பண்ணலாம்.

புதுக்குடியிருப்பில கணக்குப் பாக்கிற அக்கா: லிஸ்ட்டில கொலத்துக்கெல்லாம் (நிரலுக்கெல்லாம்) வடிவா தமிழில பேர் வச்சனான். பவர் ஓட்டமேட்டுக்குப் (வேலையைத் தானா நடத்துற செயலி) போனா ஒரே எக்ஸும் சைபருமா ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி வருது.

அக்கா, இதுதான் நான் கூடச் சண்டை பிடிக்கிற விசயம். கொலத்துக்கு ரெண்டு பேர் இருக்கு, ஒண்டு எங்களுக்குத் தெரியிறது, மற்றது உள்ளுக்க கிடக்கிறது. உள்பேர் 32 எழுத்துக்கு மேல போகாது. தமிழை அது நேர எழுதாது, எழுத்து, அரவு, விசிறி, புள்ளி எண்டு ஒவ்வொண்டையும் 7 எழுத்துக் கோடா மாத்தும். "விண்ணப்பதாரர் பெயர்" எண்டு வச்சா "விண்" எண்ட இடத்திலயே (வ, விசிறி, ண, புள்ளி எண்டு நாலு) 28 முடிஞ்சு போச்சு, அங்கால வெட்டிப் போடும். "விண்ணப்பதாரர் முகவரி" எண்டு அடுத்ததை வச்சா அதுகும் அதே "விண்", கடைசியில ஒரு இலக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்கும். பேந்து எது பேர் எது முகவரி எண்டு ஆருக்கு விளங்கப் போகுது?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கொலத்தை முதல்ல இங்கிலீசில, இடைவெளி விடாமல் ஒரு சொல்லில உருவாக்குங்கோ. உருவாக்கி முடிய பேரைத் தமிழுக்கு மாத்துங்கோ. உள்பேர் முதல் வச்சதோடயே நிக்கும், பிறகு மாறாது, அதால ஏற்கெனவே தமிழில போட்டதை பேர் மாத்தித் திருத்த ஏலாது, புதுசாத்தான் போடோணும்.

இன்னொண்டு, அடையாள அட்டை இலக்கத்தையும் ஃபோன் நம்பரையும் நம்பர் கொலமா போடாதேங்கோ. பழைய அட்டையில 9 இலக்கத்துக்குப் பின்னால ஒரு எழுத்து இருக்கு, அதை நம்பர் கொலம் ஏற்காது. 2016 இல இருந்து வாற 12 இலக்கம் ஏறும், ஆனா இடையில கொமா போட்டுக் காட்டும். ஃபோனுக்கு முன்னால இருக்கிற சைபர் பறந்திடும். ரெண்டையும் ஒற்றை வரி டெக்ஸ்ட் எண்டு வையுங்கோ.

வவுனியாவில இருந்து ஒராள்: வெளிக்களப் பெடியள் நிரப்பினது லிஸ்ட்டில இங்கிலீஸ் குப்பை மாதிரி கிடக்கு.

பாமினியில (இங்கிலீஸ் எழுத்தைத் தமிழாக் காட்டுற பழைய எழுத்துரு) அடிச்சு கொப்பி பண்ணிப் போட்டிருப்பாங்கள். பாமினியில "அம்மா" எண்டு தெரியிறதுக்கு உள்ளுக்க கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில அதுதான் வெளியில வரும், தேடினாலும் அம்பிடாது. தமிழைத் தமிழாவே பதியிற யுனிகோட் கீபோர்ட் போட்டுக் குடுங்கோ, பழசை கன்வேர்ட்டரில மாத்துங்கோ. ஃபோனில அடிக்கிறவைக்கு இந்தத் தலையிடி இல்லை.

கிளிநொச்சி அக்கா ஒராள்: லீவு ஃபோமில ஒருத்தற்ற வருத்தத்தை மற்றவை எல்லாம் வாசிக்கினம்.

லிஸ்ட் செட்டிங்ஸில அட்வான்ஸ்ட் செட்டிங்ஸுக்குள்ள ஐட்டம் லெவல் பேர்மிஷன் இருக்கு. தான் போட்டதை மட்டும் வாசிக்க, தான் போட்டதை மட்டும் திருத்த எண்டு ரெண்டையும் மாத்திவிடுங்கோ. லிஸ்ட்டை நிர்வகிக்கிற உரிமை உள்ளவைக்கு அப்பவும் எல்லாம் தெரியும், அதால அந்த உரிமையை கைவிசேசம் மாதிரி எல்லாருக்கும் குடுக்காதேங்கோ. ஃபைல் வைக்கிற லைப்ரரியில இந்தத் தெரிவே வராது.

முல்லைத்தீவுத் தம்பி: எங்களிட்டை இன்னும் இன்ஃபோபாத் (மைக்ரோசொஃப்டின்ர பழைய ஃபோம் செயலி) ஃபோம்தான். அப்பிடியே விடலாமோ?

விட ஏலாது. 2013 தான் கடைசி இன்ஃபோபாத், அதுக்கான சப்போர்ட் 2026 ஜூலை 14 ஓட சரி, ஷெயார்பொயின்ட் ஒன்லைனிலயும் அதே திகதிதான். பழைய லைப்ரரியில கிடக்கிற ஒவ்வொரு ஃபோமும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதின்ர தலைப்பகுதியில டெம்ப்ளேட் (ஃபோமின்ர மூல வடிவம்) இருக்கிற முகவரி எழுதிக் கிடக்கும். லைப்ரரியை இடம் மாத்தினா அந்த முகவரியைப் புதுசா மாத்தி ரீலிங்க் பண்ணாட்டித் திறக்காது.

நான் விட்ட பிழையையும் சொல்லுறன். லீவு ஃபோமின்ர ஃபைல் பேரை ஊழியர் இலக்கத்தால மட்டும் கட்டி, அதே பேரில ஃபைல் இருந்தா மேல எழுது எண்டதுக்கும் டிக் போட்டிட்டன். ஒருத்தர் ரெண்டாந்தரம் லீவு கேட்க முதல் லீவு காணாமல் போச்சு, மாசக் கடைசியில சம்பளத்தில வெட்டு விழுந்து மனுசன் என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டார். வேர்ஷனிங் (பழைய பிரதிகளைச் சேத்து வைக்கிற வசதி) போட்டிருந்தபடியால பழசை எடுத்துக் காட்டித் தப்பினன். அண்டையில இருந்து ஃபைல் பேருக்குப் பின்னால திகதியும் நேரமும்.

துணுக்காயில இருந்து: திகதி ஒரு நாள் முந்தி விழுது.

சைட்டின்ர ரீஜனல் செட்டிங்ஸில நேர வலயம் அமெரிக்கப் பசுபிக்கில நிக்கும். இலங்கைக்கு மாத்துங்கோ.

பரந்தனில இருந்து ஒரு அண்ணை: எங்கட மைக்ரோசொஃப்ட் ஃபோம்ஸ் (ஒன்லைன் கேள்விக்கொத்து) எல்லாம் ஒரு பிள்ளையின்ர கணக்கில கிடக்கு, அவ வாற மாசம் வேலையை விட்டிட்டு கனடா போறா.

அண்ணை, அவவின்ர கணக்கை அழிச்சா கொஞ்ச நாளில அந்த ஃபோம்களும் அழிஞ்சிடும். ஆக்கள் ஏத்தின ஃபைல்களும் அவவின்ர வன்டிரைவிலதான் (ஒன்லைனில தன்ர ஃபைல் வைக்கிற இடம்) கிடக்கு. அவவைக் கொண்டே ஒவ்வொரு ஃபோமையும் குரூப்புக்கு மாத்துவியுங்கோ, ஏத்தின ஃபைல்களையும் இறக்கி வையுங்கோ. குரூப்புக்குப் போனது திரும்பித் தனியாளுக்கு வராது, அது பரவாயில்லை. பிறியாவிடைக்கு கேக் ஓடர் பண்ண முதல் இதைச் செய்யுங்கோ, அவ பிளேன் ஏறினாப் பிறகு நேர வித்தியாசத்தோட ராவிருட்டியில எழுப்பிக் கேக்கிறது வடிவில்லை.