ட்ரெண்ட் சங்கமும் கல்யாண ஓலையும்

அன்புள்ள ஐயா,

கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூதர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவருக்கு மறுமொழியாகக் கத்தோலிக்கத் திருச்சபை செய்தது என்ன? வட இத்தாலியின் ட்ரெண்ட் நகரில் 1545 முதல் 1563 வரை ஆயர்கள் சங்கமாக விட்டுவிட்டுக் கூடி, அவர் சொன்னதையெல்லாம் மறுத்தார்கள். மாற்றுக் கொள்கையினரைத் தண்டிக்கும் விசாரணை மன்றமும் தடைநூல் பட்டியலும் வந்தன. சாதாரண ஜனங்களுக்கு இதனால் என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. ரோமில் 1542இல் அமைந்த விசாரணை மன்றத்துக்கும், 1559இல் பாப்பரசர் நான்காம் பவுல் வெளியிட்ட தடைநூல் பட்டியலுக்கும் நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். பயமுறுத்தி விசுவாசத்தைக் காக்கலாம் என்று நினைத்தது பெரும் பிழை. ஆனால் ட்ரெண்ட் என்றால் அவ்வளவுதான் என்று முடித்துவிடாதீர்கள். 1563 நவம்பர் 11 அன்று அங்கே நிறைவேறிய திருமண ஆணையைக் கொஞ்சம் பாருங்கள்.

அதுவரை ஆணும் பெண்ணும் தங்களுக்குள் ‘உன்னை மணக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டாலே திருமணம் செல்லும். குருவும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அப்புறம் அவன், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கைவிரித்துவிட்டால்? வயிற்றுப் பிள்ளையோடு திருச்சபை நீதிமன்றத்துக்கு வரும் பெண் எதை வைத்து நிரூபிப்பாள்? அவனோ இன்னொருத்தியை ஊரறிய மணந்து வாழ்வான். இந்த அநியாயத்தை ஆணையே வெளிப்படையாகச் சொல்கிறது.

ரகசியத் திருமணங்களை லூதரும் கடுமையாகக் கண்டித்தார். சீர்திருத்தத்தை ஏற்ற சூரிச் நகரம் 1525லேயே திருமணத்துக்கென்று தனி நீதிமன்றம் வைத்து, இரண்டு சாட்சிகள் கட்டாயம் என்றது. கத்தோலிக்கர்கள் அந்த முடிவுக்கு வந்து சேர மேலும் 38 ஆண்டுகள் ஆயின. அப்போதும் சங்கத்தில் பலர் எதிர்த்தார்கள். இருவர் மனம் ஒப்பினாலே நிறைவேறிவிடும் திருமணம் என்ற அருட்சாதனத்தை, அதாவது புனிதச் சடங்கை, செல்லாது என்று சொல்லத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டா என்பது அவர்களுடைய கேள்வி. லேசான கேள்வி இல்லை அது.

கடைசியில் முடிவானது இதுதான்: பங்குக் குரு அல்லது அவரோ ஆயரோ அனுமதித்த குரு முன்னிலையிலும், இரண்டு மூன்று சாட்சிகள் முன்னிலையிலும் நடக்காத திருமணம் செல்லாது. பெயர்களைப் பங்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் கேட்ட திருமண முன்னறிவிப்பை, அடுத்தடுத்து மூன்று திருநாள் பூசைகளில் வாசிக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். நம் கோயில்களில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பது இந்த வழியில் வந்த வழக்கம்தான்.

என்னை மிகவும் பாதித்தது இன்னொன்று. பெற்றோர் சம்மதம் இல்லாத திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசுத் தரப்பு சங்கத்தை நெருக்கியது. லூதரும் பெற்றோர் சம்மதத்தை வற்புறுத்தியவர்தான். சங்கம் பெற்றோரை மீறுவதை ஆதரிக்கவில்லை. அப்படிப்பட்ட திருமணங்களைத் திருச்சபை என்றும் வெறுத்தே வந்திருக்கிறது என்றது. ஆனாலும் அந்தக் காரணத்துக்காகவே அவை செல்லாது என்று சொல்பவர்களைச் சபித்தது. மணப்பவர்களின் மனம்தான் திருமணம் என்ற பழைய கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உறுதியை நான் மனதார மதிக்கிறேன்.

பிரான்ஸ் இதை ஏற்கவில்லை. 1579இல் வெளியான புளுவா அரசாணை, 25 வயது நிறையாதவர்களைப் பெற்றோர் சம்மதமின்றி மணப்பதைக் கடத்தல் குற்றமாக்கி, அதற்கு மரண தண்டனை விதித்தது.