கணவரின் கடிதங்கள் என் வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவள் ஒரு சிநேகிதி. என் மூத்த மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கக் கூட இருந்தவளும் அவள்தான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது தனித் தாயாக, குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் கொடுக்கும் யுனிவர்சல் கிரெடிட் உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தாள். கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுத்தது நான். அப்போது அது முழுக்க உண்மை. போன வருடம் அவர் திரும்பி வந்துவிட்டார். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் இதை யாருக்கும் அறிவிக்கவில்லை. வீட்டுக்காகக் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி சபைக்கு) கட்டுகிற வரியிலும் தனியாளுக்கான சலுகை தொடர்கிறது. இப்போது என்னிடம், "இவருடைய பாங்க் கடிதமும் வேலைக் கடிதமும் உன் வீட்டு விலாசத்துக்கு வரட்டும்" என்று கேட்கிறாள். நானும் கணவரும் இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஒரு பென்ஸ் பெனிபிட் இல்லாமல், வாடகையும் வரியும் கட்டுகிறோம். "பெயர் சொல்லாமல் அறிவித்துவிடு" என்கிறார் என் கணவர். அறிவித்தால் துரோகமா? பேசாமல் இருந்தால் நானும் குற்றவாளியா? — பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் அந்த விலாச விஷயம். கூடாது. ஒரு கடிதம்கூட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் ஆற அமர யோசிக்கலாம், இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவள் அறிவிக்காமல் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பது வேறு. அதை மறைக்க உங்கள் கதவு இலக்கத்தைக் கொடுப்பது வேறு. தெரிந்துகொண்டே பொய்க்குத் துணை போனால் சட்டத்தின் முன் நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரலாம். அந்தக் கடிதங்கள் உங்கள் வாசலில் வந்து விழத் தொடங்கிவிட்டால், பிறகு அவளோடு நேர்மையாகப் பேசும் உரிமையும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

நீங்கள் பயப்படுகிற மற்றதுக்கு வருகிறேன். ஒரு சிநேகிதி பெனிபிட்டில் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை உங்களைப் போன்ற சாதாரண ஆளுக்கு இந்த நாட்டில் கிடையாது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததிலும் தவறில்லை, அன்றைக்கு எழுதியது உண்மைதானே. ஆகவே அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். மிச்சம் இருப்பது உங்கள் மனச்சாட்சியும் உங்கள் கோபமும்.

கோபம் நியாயமானது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கிழமை முழுக்க ஓடி ஓடி உழைத்துவிட்டு மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு, பக்கத்தில் ஒருத்தி இரண்டு வருமானத்தில் இருப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அது பொதுக் காசு. உண்மையிலேயே தனியாக நிற்கிற தாய்மாருக்கென்று வைத்த காசு. அவர்களை "எல்லோரும் கள்ளக் கணக்குத்தான்" என்று ஊர் பேசுவதற்கும் இப்படியான பொய்கள்தான் காரணமாகின்றன.

ஆனாலும் இப்போதே அறிவியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பல வருடங்களாக ஆலோசனை நிலையங்களிலும் விசாரணைகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். பெனிபிட் மோசடிச் சந்தேகத்தில் நடக்கிற 'எச்சரிக்கையின் கீழ் விசாரணை' என்று ஒன்று உண்டு. சின்ன அறை, மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆனால் இப்போது சொல்லாததைப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் அது உங்களுக்குப் பாதகமாகலாம் என்று முதலில் வாசிப்பார்கள். அதிகாரி குரலை உயர்த்த மாட்டார். கோப்பிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்: பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அவசரத் தொடர்புக்கு எழுதிக் கொடுத்த தகப்பனின் விலாசம், கார் இன்சூரன்ஸ், வேலையிடத்தில் கணவர் கொடுத்த விவரம். ஒரு தாய் அந்தத் தாள்களைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்பதுபோல. அவர் சொல்வதைச் சொல்வது மட்டும்தான் என் வேலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் அந்த அறையில் இல்லை. இதைத்தான் உங்கள் சிநேகிதி யோசித்திருக்க மாட்டாள். விண்ணப்பம் அவள் பெயரில், கணக்கு அவள் பெயரில், "மாற்றம் எதுவும் இல்லை" என்று அழுத்திய விரல் அவளுடையது. சம்பளம் கொண்டு வருபவர் வேறு யாராக இருந்தாலும் வழக்கு என்று வந்தால் முதலில் நிற்பவள் அவள். கூடுதலாகக் கொடுத்த காசு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள். வழக்குப் போடாமல் விட்டால்கூட அதற்குப் பதிலாக, கூடுதலாக எடுத்த தொகையில் பாதியைத் தண்டமாகக் கேட்கலாம்: குறைந்தது 350 பவுண், கூடினால் 5,000 பவுண். குற்றத் தீர்ப்பு வந்தால் முதல் தடவைக்கே 13 கிழமை பெனிபிட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ இடமுண்டு. பிரஜாவுரிமைக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் நன்னடத்தைக் கேள்வியில் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கும். இவ்வளவுக்கும் முன்பே, சந்தேகம் எழுந்தவுடன் கொடுப்பனவை இடைநிறுத்தலாம். வீட்டு வாடகையும் அதற்குள்தானே வருகிறது? அந்த மாதம் வாடகை நிலுவையாகும், வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

இவற்றில் பெரும்பகுதியை அவளே முந்திப் போய்ச் சொன்னால் குறைக்கலாம். மன்னித்துவிடுவார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்ட பிறகு சொன்னவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மொட்டைக் கடிதம் போட்டால் அந்த வாய்ப்பை நீங்கள் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள். உங்கள் பிரசவத்துக்கு இரவு முழுக்க விழித்திருந்தவளுக்கு, அவள் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு தடவையாவது கடன்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் ஆட்கள் பலர் மறைப்பது பேராசையால் மட்டும் இல்லை, எல்லாம் போய்விடும் என்ற பயத்தால். கணவர் வந்தால் யுனிவர்சல் கிரெடிட் நின்றுவிடும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருவருக்கும் சேர்த்த விண்ணப்பமாக மாறும். அடிப்படைத் தொகை தனியாளுக்கு உள்ளதைவிடக் கொஞ்சம் கூடும். பிள்ளைகள் இருப்பதால் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் கைக்கு வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். பெட்ரோல் நிலையச் சம்பளம், லண்டன் வாடகை, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு தொகை தொடர்ந்து கிடைக்கவும் கூடும். இருவருடைய சேமிப்பும் சேர்ந்து 16,000 பவுணைத் தாண்டினால் மட்டும் கிடைக்காது. அவள் இந்தக் கணக்கை ஒருக்காலும் போட்டுப் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

"வாரத்தில் மூன்று இரவுக்குள் தங்கினால் பிரச்சினை இல்லை" என்று கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒரு சட்டமே இல்லை. சட்டப்படி கணவன் மனைவியாக இருப்பவர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்தால் தம்பதிதான். காசு தனித்தனியாக இருந்தாலும் சரி, கடிதம் அண்ணன் வீட்டுக்குப் போனாலும் சரி.

அவளோடு கதைக்கும்போது உங்கள் கணவரையோ அவள் கணவரையோ கூட வைத்துக்கொள்ள வேண்டாம். போனில் எழுதி அனுப்பவும் வேண்டாம். "கடிதங்களுக்கு என் விலாசம் தர மாட்டேன். ஏன் என்றால் இதில் மாட்டுப்படப் போவது நீ. அவர் திரும்பி வந்ததை நீயே சொல்லு, நான் கூட வருகிறேன்" என்று சொன்னால் போதும். "இல்லாவிட்டால் நான் அறிவிப்பேன்" என்று மிரட்டாதீர்கள். அவள் சம்மதித்தால், யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் எதையும் எழுதுவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பிலோ பக்கத்து சட்ட உதவி நிலையத்திலோ இலவசமாக ஆலோசனை எடுக்கட்டும். எந்தத் திகதியில் அவர் வந்தார் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும், போன கிழமைதான் வந்தார் என்று புதுப் பொய் கட்டக் கூடாது. கவுன்சிலுக்குத் தனியாக அறிவிக்க வேண்டும், அந்த 25 சதவீதக் கழிவு தானாக நிற்காது. விசாரணைக்கு அழைத்துவிட்டார்கள் என்றால் வழக்கறிஞர் இல்லாமல் போகக் கூடாது.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காசு யார் கையில் போகிறது? சண்டை பிடித்துப் போனவர் திரும்பி வந்த பிறகு பாங்க் அட்டை அவரிடம் இருக்கிறதா, சொல்லாதே என்று தடுப்பவர் அவரா? அப்படியென்றால் இது பெனிபிட் பிரச்சினை மட்டும் இல்லை, வீட்டு வன்முறை. அதற்கு உதவுகிற அமைப்புகளிடம்தான் முதலில் போக வேண்டும். ஆலோசகரிடமும் இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையே அது மாற்றக்கூடும்.

அவள் மறுத்தால்? "உனக்கென்ன பொறாமையா" என்று சொன்னால்? சொல்லக் கூடும். அப்போதும் விலாசம் இல்லை, அடுத்த விண்ணப்பத்துக்கு உதவி இல்லை. அதற்கு மேல் அறிவிப்பதா என்பது உங்கள் முடிவு, எப்படி முடிவெடுத்தாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் இடத்தில் நான் விட்டுவிடுவேன். வேறொருவர் பெயரில் விண்ணப்பம் போட்டுக் காசு எடுக்கிறவர், வயதானவரின் அட்டையைப் பிடுங்கி வைத்திருக்கிறவர், ஆட்களைச் சேர்த்துத் தொழிலாகவே செய்கிறவர் என்றால் சிநேகிதம் பார்க்காமல் அன்றைக்கே அறிவிப்பேன். அங்கே நசுக்கப்படுகிற இன்னொரு ஆள் இருக்கிறார்.

அறிவிப்பதென்றே முடிவெடுத்தால், அரசாங்க இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ பெயர் தராமல் செய்யலாம். முடிவு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். பெயர் தராவிட்டாலும், இவ்வளவும் தெரிந்த ஆள் யார் என்று அவள் ஊகிப்பாள். உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் நண்பர் 'பிப்' என்கிற இயலாமைக் கொடுப்பனவு எடுக்கிறார். ஆனால் முழுநேரம் வேலைக்கு வருகிறார், சில நாள் நன்றாகவே நடக்கிறார். இது மோசடிதானே? எனக்குச் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போய் நடப்பதே சிரமம். வேலையில் இருப்பதால் நான் எதுவும் கேட்கவில்லை. — வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: இல்லை, தம்பி. பிப் எடுத்துக்கொண்டே முழுநேர வேலை செய்யலாம். சம்பளமும் சேமிப்பும் அதற்குக் கணக்கே இல்லை. நடப்பது, சமைப்பது, குளிப்பது போன்றவற்றை ஒருவரால் எவ்வளவு தூரம் செய்ய முடிகிறது என்றுதான் பார்க்கிறார்கள், அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்று. நல்ல நாளில் அவர் நடப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள், வேலைக்கு வர முடியாத நாளில் அவரைப் பார்ப்பதில்லை. அவரைப் பற்றி அறிவிக்க எதுவும் இல்லை. நீங்களும் அரச ஓய்வூதிய வயதை எட்டவில்லை என்றால் வேலையை விடாமலே விண்ணப்பிக்கலாம். டாக்டரிடம் உங்கள் பாதத்தைப் பற்றிய கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, படிவத்தை நிரப்பும்போது மோசமான நாட்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். அந்த நண்பரிடமே கேட்டால் எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருவார்.