டெட்ரா பேக் இயந்திரம் செய்கிற கம்பெனியா, அட்டை விற்கிற கம்பெனியா? அது எப்படி இவ்வளவு வளர்ந்தது?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தைப் படித்த பிறகுதான் பதில் எழுதத் தோன்றியது. கோவையில் பவுச் பேக்கிங் இயந்திரம் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறீர்கள். "ஸ்வீடனில் இருந்து வந்த ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி உலகம் முழுக்கப் பரவியதற்கு விளம்பரம்தானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் இருப்பவரே இப்படிக் கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது இயந்திரக் கம்பெனிதான். அட்டையில் காசு பார்க்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த இயந்திரம் இல்லாவிட்டால் அந்த அட்டைக்கு மதிப்பே இல்லை. நான் அந்தக் கம்பெனியின் ஆளும் இல்லை, ஏஜெண்டும் இல்லை. அவர்கள் செய்த தப்பையும் கீழே எழுதியிருக்கிறேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ரூபன் ரௌசிங் என்ற ஸ்வீடன்காரர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். சாமானை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் கடைகளை அங்கே பார்த்தார். மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கிற வியாபாரம் இனி குறையும், எல்லாமே பொட்டலமாக வரும் என்பது அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. 1929இல் எரிக் ஓக்கெர்லுண்டுடன் சேர்ந்து பேக்கேஜிங் கம்பெனி தொடங்கினார். மாவு, சர்க்கரை போன்ற உலர்ந்த சரக்குக்குப் பை, பெட்டி செய்வதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பால்தான் சிக்கல். அப்போது பால் கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. பாட்டில் கனம், உடையும், காலி பாட்டிலைத் திருப்பி எடுத்துவந்து கழுவ வேண்டும்.

அமெரிக்காவில் அட்டையில் பால் அடைக்கும் முறை அதற்கு முன்பே இருந்தது. மேலே கூரை மாதிரி மடியும் ப்யூர்-பாக் பெட்டிக்கு 1915லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் அதில் அட்டையை முதலில் வெட்டி, மடித்து, அடியை ஒட்டி, பிறகு ஊற்றி, பிறகு மேலே ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வேலை.

1944இல் ரௌசிங்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த எரிக் வாலன்பெர்க் வேறு வழியைச் சொன்னார். ஒரு ஏ4 தாளை எடுத்துக் குழாயாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டுங்கள். அடிவாயைத் தட்டையாக அமுக்கி ஸ்டேப்ளர் அடியுங்கள். மேல்வாயை அதற்குச் செங்குத்தான திசையில் அமுக்கி இன்னொரு ஸ்டேப்ளர் அடியுங்கள். நான்கு முக்கோண முகம் கொண்ட பொட்டலம் வந்துவிடும். தாளில் ஒரு துண்டுகூட வீணாகாது, மடிப்பு வேலையும் கிடையாது. டெட்ரா என்றால் கிரேக்கத்தில் நான்கு.

வடிவத்தைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. குழாய் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும், பால் அதற்குள் நிரம்பியே இருக்கும், பால் மட்டத்துக்குக் கீழே, பாலோடு சேர்த்தே அமுக்கி ஒட்டுவது. நுரை இல்லை, உள்ளே காற்று இல்லை, ஓட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். ரௌசிங்கின் மனைவி எலிசபெத் தொத்திறைச்சி அடைப்பதைச் சொல்லி யோசனை கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, தத்துவம் அதுதான். இன்று ஓடுகிற லைன் வரைக்கும் அடிப்படை மாறவில்லை.

அந்த யோசனையை ஓடுகிற இயந்திரமாக்கியவர் ஹாரி யாருண்ட் என்ற பொறியாளர். 1951இல் லுண்ட் நகரில் டெட்ரா பேக் தனிக் கம்பெனியானது. 1952 செப்டம்பரில் முதல் இயந்திரம் அந்த ஊர்ப் பால் கூட்டமைப்புக்குப் போனது. அடைத்தது பால்கூட இல்லை, 100 மில்லி கிரீம் பொட்டலம். 1944க்கும் 1952க்கும் நடுவே எட்டு வருஷம். நனையாத, சூட்டில் ஒட்டிக்கொள்கிற காகிதம் அப்போது சந்தையில் கிடையாது, அதையும் இவர்களே உருவாக்க வேண்டியிருந்தது. காகிதத்தின் மேல் பாலிஎத்திலீனை உருக்கிப் படியவைக்கும் முறை கைக்கு வந்த பிறகுதான் வியாபாரம் நிமிர்ந்தது. உங்கள் கேள்விக்கு இது முக்கியம்: இயந்திரமும் மெட்டீரியலும் ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தது ஆசையால் இல்லை, வேறு வழி இல்லாததால்.

முக்கோணப் பொட்டலத்தை அடுக்க முடியாது. அதற்கென்றே அறுகோணக் கூடை செய்தார்கள். கடைக்காரர் அலமாரியில் அது நிற்காது. 1963இல் செங்கல் வடிவ டெட்ரா பிரிக் வந்த பிறகுதான் லாரியிலும் அலமாரியிலும் இடம் வீணாகாமல் அடுக்க முடிந்தது. அதை உருவாக்கப் பணம் தண்ணீராய்ச் செலவானது. 1965இல் ரௌசிங் தன் பழைய தாய்க் கம்பெனியையே விற்றுவிட்டு டெட்ரா பேக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, இன்னும் நிலைக்காத இயந்திரத்தை வைத்துக்கொண்ட அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நடுவில் 1961இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் அசெப்டிக் இயந்திரத்தை, அதாவது கிருமி நீக்கிய பாலைக் கிருமி நீக்கிய பெட்டியில் அடைக்கும் இயந்திரத்தை, காட்டினார்கள். கம்பெனி கண்டம் தாண்டியது இதனால்தான். செங்கல் வடிவத்தில் அசெப்டிக் 1969இல் வந்தது. லைனில் நடப்பதைச் சொல்கிறேன், பவுச் இயந்திரக்காரர் உங்களுக்கு உடனே புரியும்.

பால் தனியாக 137 டிகிரி அளவில் சில விநாடி சூடாகி, ஆறி, மூடிய குழாயில் வருகிறது. இந்தப் பக்கம் அச்சடித்த அட்டைச் சுருள், அதாவது ரீல், சுற்றவிழ்கிறது. வெளிப்பக்கம் பாலிஎத்திலீன், அடுத்து அட்டை, மறுபடி பாலிஎத்திலீன், அதற்கு உள்ளே 6 மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலான அலுமினியத் தகடு, உள்பக்கம் இரண்டு பாலிஎத்திலீன் என்று ஆறு அடுக்கு. எடையில் முக்கால் பங்கு அட்டைதான். போகிற வழியிலேயே ரீலின் ஒரு ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பைப் பாதி அகலத்துக்கு ஒட்டுகிறார்கள். பிறகு ரீல் 35 சதவீத அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டிக்குள் முங்குகிறது. சூடு 70 டிகிரிக்குக் குறையக்கூடாது, முங்குகிற நேரம் சில விநாடி. உருளைகள் பிழிந்து எடுக்க, சூடான கிருமியற்ற காற்று மிச்சத்தை உலர்த்துகிறது. அங்கிருந்து கீழே அழுத்தம் ஏற்றிய அறைக்குள் தாள் குழாயாகிறது, ஓரம் ஒட்டுகிறது, பால் இறங்குகிறது. இரண்டு ஜோடி ஜா (கவ்வும் தாடை) மாறி மாறிக் குழாயைக் கவ்வி ஒரு பெட்டி நீளம் இழுத்து, ஒட்டி, கத்தி நடுவில் வெட்டுகிறது.

ஒட்டுவதற்கு உங்கள் பவுச் இயந்திரத்தில் இருப்பது போல ஹீட்டர் பட்டை கிடையாது. ஜாவில் இருக்கும் இண்டக்டர் அலுமினியத் தகட்டில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தகடு சூடாகி அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் உருகுகிறது. சூடு உள்ளே இருந்தே வருவதால் வெளி அச்சு கருகாது. வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கிற அதே தகடுதான் ஹீட்டரும். இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் பேக்கிங் துறையில் பார்த்ததில்லை.

எங்கே கெடும்? முதலில் அந்த ஸ்ட்ரிப். ரீலின் வெட்டிய ஓரத்தில் அட்டை திறந்து கிடக்கும். ஸ்ட்ரிப் அதை மூடாமல் கொஞ்சம் விலகினாலும் பால் அட்டைக்குள் ஊறி ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது, சில நாளில் பெட்டி உப்பும். இரண்டாவது, குறுக்கு ஒட்டும் நெடுக்கு ஒட்டும் சந்திக்கிற இடம். அங்கே தாள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். எதிர்ப்பக்க ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் சமமாக விழாமல் முதல் கசிவு அங்கேதான் வரும். கசிகிறது என்று பவரை ஏற்றுவது பலர் செய்கிற தப்பு. பிளாஸ்டிக் அளவுக்கு மீறி உருகி ஒதுங்கி, தகடு வெறுமையாகி, பொத்தல் விழும். முதலில் ரப்பரையும் இண்டக்டர் முகத்தையும் பாருங்கள், பவர் கடைசி. மூன்றாவது, கரண்ட். ஒரு கண் சிமிட்டல் போதும், அறையின் காற்றழுத்தம் விழுந்துவிடும். அதன் பிறகு உள்ளே இருப்பதை வெளியேற்றி, கழுவி, மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் லைன் போடவே கூடாது.

சோதனை மூன்று விதம் செய்ய வேண்டும்: ஒட்டைக் கையால் பிரித்துப் பார்ப்பது, காலிப் பெட்டிக்குள் சிவப்பு மை ஊற்றி ஊறுகிறதா என்று பார்ப்பது, உப்புத் தண்ணீரில் வைத்து உள்ளேயும் வெளியேயும் மின்முனை வைத்து மின்சாரம் பாய்கிறதா என்று பார்ப்பது. மின்சாரம் பாய்ந்தால் பொத்தல் இருக்கிறது என்று அர்த்தம். ரீல் மாற்றிய ஒட்டு, லைன் நின்று தொடங்கிய பெட்டிகள், இவற்றைக் கட்டாயம் எடுங்கள். ஏதோ மணிக்கொருமுறை ஒன்று எடுத்தேன் என்றால் கெட்டது உங்கள் கையில் சிக்காது.

"அசெப்டிக் எல்லாவற்றுக்கும் ஒத்துவராதே" என்று யாராவது வருவார்கள். ஒத்துவராதுதான். பாலுக்குள்ளேயே ஒட்டுவதால் காய்த்துண்டு, நார் உள்ள சரக்கு ஒட்டில் மாட்டும். அந்த மாதிரி சரக்குக்கு, முன்கூட்டியே மடித்த பெட்டியை நிரப்பும் எஸ்ஐஜி என்ற போட்டிக் கம்பெனியின் முறை தோது. அதை நான் மறுக்கவில்லை.

இனி பணம். ஆரம்பத்திலிருந்தே இயந்திரத்தைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் கொடுத்தார்கள். பால் பண்ணைக்கு முதலீடு குறைவு, சர்வீஸ் கம்பெனி பொறுப்பு, ஆனால் ரீல் அவர்களிடமே வாங்க வேண்டும். இயந்திரம் ஒருமுறை போய் உட்கார்ந்தால் ரீல் வருமானம் வருஷக்கணக்கில் ஓடும். வளர்ச்சியின் எஞ்சின் இதுதான், குற்றமும் இதிலேதான். எலோபாக் என்ற போட்டிக் கம்பெனி கொடுத்த புகாரில், வேறு ரீல் போடக்கூடாது என்று வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டது, இத்தாலியில் அடக்க விலைக்குக் கீழே விற்றது எல்லாம் சேர்த்து ஐரோப்பிய ஆணையம் 1991இல் 7.5 கோடி எக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பியக் கணக்கு நாணயம்) அபராதம் போட்டது. மேல்முறையீட்டிலும் 1996இல் தோற்றார்கள். 2016இல் சீனாவும் 66.77 கோடி யுவான் விதித்தது. அபராதம் நியாயம் என்பதுதான் என் கருத்து. நல்ல இயந்திரம் செய்தவனுக்கு வாடிக்கையாளரின் கையைக் கட்டத் தேவையே இல்லை. இன்று சீனாவின் கிரேட்வியூ, குஜராத் சானந்தில் யூஃப்ளெக்ஸ் என்று அதே இயந்திரத்தில் ஓடும் ரீலை மற்றவர்களும் செய்கிறார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் ஆல்ஃபா லாவலை வாங்கிப் பால் பதப்படுத்தும் கருவியையும் தன் கீழே கொண்டுவந்தார்கள், 1993இல் குழுமத்தின் பெயர் டெட்ரா லாவல் ஆனது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 1985இல் ஃப்ரூட்டி வழியாகத்தான் அந்தப் பெட்டி அறிமுகம். புனே பக்கம் தொழிற்சாலையும் உண்டு. இப்போது சிறிய பெட்டிக்கு மணிக்கு 24,000 ஓட்டும் இயந்திரம் சாதாரணம். பெராக்சைடுக்குப் பதில் எலக்ட்ரான் கதிரால் கிருமி நீக்கி 40,000 ஓட்டுவதையும் அறிவித்திருக்கிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு மாசம் கெடாத பாலில் "கெமிக்கல் கலக்கிறார்கள்" என்று வாட்ஸப்பில் வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை அனுப்புகிறவர்களில் படித்தவர்கள்தான் அதிகம். பதப்பொருள் எதுவும் போடத் தேவையே இல்லாமல் செய்வதுதான் மேலே சொன்ன அத்தனை வேலையும். கிருமி இல்லாத பால், கிருமி இல்லாத தாள், கிருமி இல்லாத அறை. பெராக்சைடு தாளில்தான் படுகிறது, சூட்டில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகிறது, மிச்சத்துக்கும் சட்டத்தில் அளவு உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1981இல்தான் இதற்கு அனுமதி கொடுத்தது, அவ்வளவு காலம் பார்த்துவிட்டுத்தான். ராத்திரி ஷிஃப்டில் ஒட்டுப் பிரித்துப் பார்க்கிற ஆப்பரேட்டரின் உழைப்பை ஒரு வரியில் விஷம் ஆக்கிவிடுகிறார்கள். வாலன்பெர்க், யாருண்ட் பெயர் யாருக்கும் தெரியாது, ரௌசிங் குடும்பத்தின் சொத்துக் கணக்கு எல்லோருக்கும் தெரியும் என்பதும் இதே வருத்தம்தான்.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். நாளைக்கே அசெப்டிக் செய்யப் போக வேண்டாம், அதற்கான முதலீடு வேறு. உங்கள் பவுச் இயந்திரத்தோடு ஃபிலிமையும் சேர்த்துப் பாருங்கள். எந்த ஃபிலிம், எத்தனை மைக்ரான், எந்தச் சூடு, எத்தனை மில்லி விநாடி அழுத்தம் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தாளில் எழுதி இயந்திரக் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுங்கள். ஃபிலிம் சப்ளையரை மாற்றினால் அந்தத் தாளையும் மாற்ற வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள். ஜா ரப்பர், டெஃப்ளான் துணி, கத்தி மூன்றையும் எத்தனை மணி ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நீங்களே அளந்து, தேய்வதற்கு முன்பே கூரியரில் அனுப்புங்கள்.