செம்பனை நாற்று விற்பனையில் நம்பிக்கையை மீட்பது பற்றி

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் தாங்கள், புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கி விலைப்பட்டியலும் படங்களும் அனுப்பியும் சிறுதோட்டக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அவர்களுடைய அச்சம் நியாயமானது. செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) தடித்த ஓட்டு வகையான டூராவையும் ஓடற்ற வகையான பிசிபெராவையும் இணைத்துப் பெறும், மெல்லிய ஓட்டு டெனெரா நாற்றையும், தோட்டத்து டெனெரா மரத்தடியில் பொறுக்கிய கொட்டையிலிருந்து முளைத்த நாற்றையும் கண்ணால் பிரித்தறிய இயலாது; பின்னதில் ஏறக்குறைய கால்பங்கு தடித்த ஓட்டு டூராவாகவும், கால்பங்கு பெரும்பாலும் காய்க்காத பிசிபெராவாகவும் போய்விடும் என்பது நட்டு மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்படும். என் தந்தையார் சாலையோர வியாபாரி ஒருவரிடம் மலிவாக வாங்கி, ஐந்து ஏக்கரில் அதைக் கண்டு கலங்கி நின்றதை நான் மறக்கவில்லை. அந்த மரங்களோடுதான் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ வேண்டும்.

ஆகவே விளம்பரப் படங்களை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் விதை வந்த இடத்தின் சான்றிதழ், மலேசிய செம்பனை வாரியத்தின் உரிமம், விதைத்த நாள், கழித்த நாற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்து, கியூஆர் குறியீடாக நாற்றுப் பையில் கட்டுங்கள். குறிப்பாக, கழித்தவற்றை மறைக்காதீர்கள். வளைந்ததையும் குட்டையானதையும் வீசியெறியும் காணொளியே என்னை நம்பவைக்கும். ரசீதிலும் அதே தொகுதி எண் இருக்கட்டும். புகார்களுக்குக் குழுவிலேயே, எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள். திறன்பேசி பழகாத முதியவர்களுக்கு அதே விவரத்தைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். காய்ப்பு தொடங்கும் பருவத்தில் நேரில் சென்று, அவர்கள் முன்னிலையில் ஒரு பழத்தை அறுத்து, ஓடு மெல்லியதாக இருப்பதைக் காட்டுங்கள்.