புளித்ததெல்லாம் கெட்டதா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒரு கிராஃப்ட் ப்ரூவரிக்கு அழைத்துப் போய் ‘சவர் வைல்ட் ஏல்’ என்ற பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே புளிப்பு, அதோடு குதிரை லாயத்து நாற்றம் வேறு. கெட்டுப்போன பீருக்குப் புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள் என்கிறேன் நான். சரிதானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: சரியில்லை. கூழ் குடித்து வளர்ந்த ஊர்க்காரர் இப்படிக் கேட்டதுதான் எனக்கு வருத்தம். கேழ்வரகு மாவை இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் போட்டுக் கிளறி, ஆறியதை இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தால் அதைக் கெட்டுப்போனது என்போமா? புளிக்காத கூழைத்தான் சப்பென்று இருக்கிறது என்று தள்ளி வைப்போம். அந்த மாவில் யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடவில்லை. மாவிலும் சட்டியிலும் இருந்த நுண்ணுயிர்கள் செய்த வேலை அது.

நீங்கள் குடித்ததற்கு மூத்த உறவு லாம்பிக் என்ற பெல்ஜியத்துப் புளிப்பு பீர். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு (மால்ட்) முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். காற்றில் வருவதும் பீப்பாய் மரத்தில் குடியிருப்பதும் சேர்ந்துதான் அதை நொதிக்க வைக்கின்றன. குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். நம் வேலூரின் சித்திரை வெயிலில் இந்த முறை நடக்கவே நடக்காது. அப்புறம் பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம்கூட. நடுவில் பீர் கொழகொழவென்று நூல்விடுவதும் உண்டு. அந்த நேரத்தில் பார்த்தால் யாரும் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார்கள். காய்ச்சியவர் அதைக் கொட்டாமல் காத்திருக்கிறார். சில மாதங்களில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்த்துவிடுகிறது.

குதிரை லாயத்து வாசனையும் அந்த ஈஸ்ட் தருவதுதான். 1904-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் நிறுவன ஆய்வகத்தின் கிளாசன், இங்கிலாந்தின் நாள்பட்ட ஏல் வகை பீர்களுக்குத் தனிச் சுவை தருவது இதுதான் என்று எடுத்துச் சொன்னார். பிரிட்டன் பீரில் கிடைத்ததால்தான் அந்தப் பெயர். மற்ற ப்ரூவரிகளில் இது நுழைந்தால் தலைவலி. லாம்பிக் காய்ச்சுகிறவர்கள் இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இன்று ‘சவர்’, அதாவது புளிப்பு பீர், என்று கிடைப்பதில் நிறைய, காய்ச்சும் கொப்பரையிலேயே லாக்டோபேசிலஸ் என்ற புளிக்க வைக்கும் பாக்டீரியாவை விட்டு ஒன்றிரண்டு நாளில் புளிக்க வைத்தவை. அவற்றில் இந்த வாசனை வராது. ஆக, நீங்கள் குறையாகச் சொன்னதுதான் அது அவசரத்தில் செய்ததல்ல என்பதற்கு அடையாளம். ஒன்று மட்டும்: ‘வைல்ட்’ என்று எழுதியிருந்தாலே காற்றிலிருந்து வந்தது என்று நம்பிவிட வேண்டாம். வளர்த்த பிரெட்டனோமைசிஸை ஊற்றினாலும் அப்படி எழுதுகிறார்கள்.

உங்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள். அந்தக் கள்ளுக்கு 1987-லிருந்து இங்கே தடை. அதன்பின் வளர்ந்தவர்களின் நாக்குக்குப் பாட்டில் பீர் ஒன்றே அளவுகோலாகிவிட்டது.

நிஜமாகவே கெட்டுப்போன சவரும் உண்டு, அதற்கும் காசு வாங்குகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரிந்த இரண்டு புளிப்புகள் போதும். தயிரின் புளிப்பு நாக்கின் இரு பக்கமும் ஊறி, எச்சில் சுரந்து, அடங்கிவிடும். வினிகரின் புளிப்பு மூக்கில் குத்தும், தொண்டையை எரிக்கும். லேசாக வினிகர் எட்டிப் பார்ப்பது சில வகைகளுக்கு இயல்பு. தொண்டை எரிகிற அளவுக்கு வந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுங்கள். முதல் மடக்கிலேயே மட்டும் வேண்டாம். சில்லிப்பு கொஞ்சம் இறங்கட்டும், மூன்றாவது மடக்கில் முடிவு செய்யுங்கள்.