கம்ப்யூட்டர் கேள்வி பதில்: கரண்ட் போனது அதுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: அண்ணே, ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் ஒண்ணா ஓடி வீட்ல மெயின் ட்ரிப் ஆயிடுச்சு, விண்டோஸ் கம்ப்யூட்டர் பட்டுனு அணைஞ்சிடுச்சு. திரும்ப ஆன் பண்ணினா டிஸ்க் செக் பண்றேன்னு கருப்பு ஸ்கிரீன்ல பர்சன்டேஜ் ஓடுது. ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு அதுக்கு யாரு சொன்னா?
- வாசகி, தோ பாயோ

பதில்: யாரும் சொல்லலைம்மா, அணையுற நேரத்துல எழுதி வைக்கவும் முடியாது, கரண்டே இல்லையே! விஷயம் தலைகீழ். பென்டிரைவ்ல வர்ற ஃபேட், லினக்ஸோட பழைய எக்ஸ்ட்2 மாதிரி ஃபைல் சிஸ்டம்லாம் (அதாவது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறைகள்) டிஸ்க்கை எழுத எடுக்கும்போதே 'வேலை நடக்குது'ன்னு ஒரு குறி போட்டுடும், ஒழுங்கா ஷட்டவுன் பண்ணினா எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டு கடைசியாதான் அதை அழிக்கும். அடுத்த தடவை ஆன் ஆகுறப்போ குறி அப்படியே இருந்தா, நடுவுல செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் முழு டிஸ்க்கையும் துழாவணும், பெரிய டிஸ்க்னா போதும் போதும்னு ஆயிடும். அதனாலதான் ஜர்னல்ங்கிற குறிப்பேடு வந்துச்சு, அது உள்ள எக்ஸ்ட்3 2001ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல சேர்ந்துச்சு, உங்க விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ல 1993லேயே இந்த ஏற்பாடு இருக்கு. செய்யப்போற மாற்றத்தை முதல்ல லாக்ல, அதாவது அந்த ஜர்னல்ல எழுதிட்டு அப்புறம்தான் டிஸ்க்ல செய்யும், அணைஞ்சாலும் லாக்கைப் படிச்சு சில செகண்டுல சரியாயிடும்.

உங்களுக்கு அதையும் தாண்டி செக் ஓடுதுன்னா டர்ட்டி பிட், அதாவது 'டிஸ்க்கை செக் பண்ணணும்'ங்கிற குறி விழுந்திருக்கு, உள்ள எங்கயோ கணக்கு இடிக்குது. ஓடட்டும், நடுவுல அணைச்சிடாதீங்க. முடிஞ்சதும் போட்டோவெல்லாம் வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, ஜர்னல் ஃபோல்டர் அமைப்பைத்தான் காப்பாத்தும், சேவ் பண்ணாத ஃபைலை இல்ல. ஹீட்டரை யாராவது எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க.